மேற்குச் சுவரோரம் போட்ட கட்டில்

1998-ஆம் வருடம். புனேயில் போபோடியில் நாங்கள் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீடு என்றால் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு, மேலே பழைய சிமென்ட் ஷீட். என் கணவர் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அதற்கு முன் நாங்கள் இருந்த வாடகை அறைக்கு மேல் இரண்டு மாடி இருந்ததால், இந்த ஊரில் மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் திடீரென்று காற்றும் மழையுமாக அடித்ததில் சமையல்கட்டுக்கு மேலிருந்த ஷீட்டில் ஒரு துண்டு உடைந்து அடுப்பு மேடையில் விழுந்தது. நல்லவேளை, நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். வேறு சமயமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் ஜூன் மாதம் என் மாமனார் வருவதாக இருந்தது. ஊரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மாமியார் இல்லை. எங்களை விட்டால் அவருக்கு ஆளில்லை. தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத மனிதரை அந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைக்க முடியாது.

கணவருக்கு ஓவர்டைம் நேரம். கூரை விஷயத்தை என்னிடமே விட்டுவிட்டார். விட்டதற்குக் காரணம் உண்டு. நான் கடலூர்க்காரி. லைன் என்று சொல்லும் எங்கள் சந்தில் இருந்த தமிழ்ப் பெண்களுக்கு நான் பார்த்த புயல்களைப் பற்றி அவ்வளவு அளந்து வைத்திருந்தேன். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், “என்னக்கா, புயலா?” என்று என்னிடம் வந்து கேட்பார்கள். அவர்கள் கிண்டலுக்குத்தான் கேட்டார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கூரை போட ஒரு மிஸ்திரியைக் கூப்பிட்டோம். மராட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் பகுதித் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கைதான் பட்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் அரைகுறைத் தமிழ் பேசுவார். பெண்களை எல்லாம், வயது வித்தியாசம் பார்க்காமல், அம்மா என்றுதான் அழைப்பார்.

அவர் மறுபடியும் சிமென்ட் ஷீட்டே போடலாம், உள்ளே சூடு இருக்காது என்றார். நான் தகரம்தான் வேண்டும் என்றேன். சிமென்ட் ஷீட் காற்றில் எப்படித் துண்டு துண்டாகப் போகும் என்று நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தகரம் வளையும், உடைந்து தலையில் விழாது. அதற்கு அவர் சரி என்றார், கனமான தகரமாக வாங்கச் சொன்னார். எங்கள் லைனில் எல்லா வீட்டுக் கூரையிலும் காற்றுக்குப் பாரமாகக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பார்கள். என் வீட்டில் கல்லே கூடாது என்றேன். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மேலே கல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கும் தலையாட்டினார். கல்லுக்குப் பதில் போல்ட்டை நெருக்கமாகப் போட்டுவிடலாம் என்றார். இதுவரைக்கும் நான் சொன்னது எதுவும் தப்பில்லை. அதுதான் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

தகரத்தை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றித்தான் போட வேண்டும். மேலே ஏறுகிற தகரத்தின் விளிம்பு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்று வரும் பக்கம் பார்த்துத் திறந்திருந்தால், அதற்குள் காற்று புகுந்து தகரத்தைத் தூக்கிவிடும். எங்கள் ஊரில் காற்று கிழக்கே கடலிலிருந்து வரும். அதனால் மேற்குக் கோடியில் தொடங்கி, கிழக்கு நோக்கி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவார்கள். வேலை ஆரம்பித்த அன்று மிஸ்திரி ஏணியைக் கொண்டுபோய்க் கிழக்குக் கோடியில் சாத்தினார். தலைகீழாகப் போடப் பார்க்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது.

“அம்மா, இங்கே பாவுஸ் அந்தப் பக்கம் வரும்” என்று அவர் மேற்கே ஔந்த் பக்கமாகக் கையைக் காட்டினார். பாவுஸ் என்றால் மழை, அது எனக்கும் தெரியும்.

“நான் புயலையே பாத்தவ மிஸ்திரி. ஏணியத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க” என்றேன்.

எதிர்வீட்டு மாவ்ஷி வாசலில் அப்பளம் காயவைத்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவ்ஷி என்றால் சித்தி. லைனில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கோடிக்குப் போனார்.

ஜூன் முதல் வாரம் கணவர் ஊருக்குப் போய் மாமாவை ரயிலில் அழைத்துக்கொண்டு வந்தார். கட்டிலை எங்கே போடுவது என்பதையும் நான்தான் முடிவு செய்தேன். கிழக்கிலிருந்துதானே காற்று வரும், அதனால் மேற்குச் சுவர் ஓரமாகப் போட்டேன். மாமாவுக்கு இடது கை மட்டும்தான் அசையும். அந்தக் கையால் புதுத் தகரத்தைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்பது போலச் சைகை செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் மழைக்காலம் தொடங்கியது. பகல் மூன்று மணி இருக்கும், கணவர் வேலையில் இருந்தார். காற்று மேற்கிலிருந்து வந்தது. முதலில் கூரையில் டப் டப் என்று யாரோ விரலால் தட்டுவது போலச் சத்தம். பிறகு தகரம் சேரும் இடத்தில் ஒரே கோடாகத் தண்ணீர் உள்ளே சிதறியது. நான் ஒரு வாளியை வைத்தேன். இன்னொரு வாளி தேடுவதற்குள் ஒரு போல்ட்டின் வாஷர் பிய்த்துக்கொண்டது. விளிம்பு தூக்கும்போதெல்லாம் வெளிச்சம் தெரிந்தது. சரியாக மாமாவின் தலைக்கு மேலே.

அந்த நேரத்தில் புத்தியுள்ள யாரும் என்ன செய்வார்கள்? கீழே படுத்திருப்பவரை நகர்த்துவார்கள். நான் கூரையைக் காப்பாற்றப் போனேன். துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, தொங்கிக்கொண்டிருந்த போல்ட்டில் கயிற்றை மாட்டி இழுத்துப் பிடித்தேன். ஒவ்வொரு முறை காற்று வரும்போதும் என்னையும் சேர்த்து ஓர் அங்குலம் தூக்கிவிட்டுக் கீழே இறக்கியது. மாமா இடது கையால் என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். பயப்படுகிறார் என்று நினைத்து, “ஒண்ணும் ஆவாது மாமா, நான் புடிச்சிருக்கேன்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தகரத்தைத் தாங்கும் குறுக்குப் பைப் சுவர்மேல் உட்காருமிடத்தில் அணைவாக வைத்திருந்த செங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஆடிக்கொண்டிருந்தன.

மாவ்ஷியும் அவர் மருமகளும் தொப்பலாக நனைந்துகொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். கயிற்றை விடு, பெரியவரைப் பிடி என்று மாவ்ஷி மராட்டியில் கத்தினார். நான் விடவில்லை. விட்டால் தகரம் போய்விடும் என்று சொன்னேன். அவர் என் முழங்காலுக்குக் கீழே ஓர் அடி வைத்தார். நிஜமான அடி. நான் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினேன். மூன்று பெண்களுமாக மெத்தை விரிப்போடு மாமாவைத் தூக்கிக்கொண்டு லைனைக் கடந்தோம். அவர் என்ன கனம் இருந்தார் என்று அப்போது தெரியவில்லை, இரண்டு நாள் கழித்து இடுப்பு சொன்னது. மாவ்ஷி வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போது பின்னால் பெரிய சத்தம் கேட்டது. இரண்டு தகரம் போய்ச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் விழுந்தன. யார் மேலும் படவில்லை.

மழை விட்டபின் போய்ப் பார்த்தேன். பைப்பின் ஒரு முனை இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில், தலையணை இருந்த இடத்தில், நாலு செங்கல்.

கணவர் வேலை முடிந்து வந்தார். செங்கற்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். “எவன்டி போட்டான் இந்தக் கூரைய?” என்று கேட்டார்.

“மிஸ்திரிதான்” என்றேன்.

அது பொய் இல்லை. போட்டது அவர்தான். அதற்கு மேல் கணவர் எதுவும் கேட்கவில்லை. அன்று மாவ்ஷி வீட்டில்தான் எல்லோரும் படுத்தோம். சொல்லிவிடலாம் என்று நான் நினைக்காமல் இல்லை. ஆனால் அவருடைய அப்பாவைக் கொல்லப் பார்த்தவள் நான் என்று எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

காலையில் நாங்கள் கூப்பிடாமலே மிஸ்திரி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் பெரியவர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். என் கணவர் லைனில் எல்லோரும் பார்க்க, இந்தியில் வாய்க்கு வந்தபடி திட்டினார். மிஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முழுவதையும் கேட்டுவிட்டு, கூலி வேண்டாம், இன்றைக்கே பிரித்துப் போட்டுத் தருகிறேன் என்றார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாவ்ஷி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கணவர் லீவு போட்டுவிட்டுக் கீழே நின்று போல்ட் எடுத்துக் கொடுத்தார். மிஸ்திரி கிழக்குக் கோடியில் தொடங்கினார். ஒரு போல்ட்டை முடுக்கியதும் மேலிருந்து குரல் கொடுத்தார். “அம்மா, பாருங்க. சரியா?” நான் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினேன். அடுத்த போல்ட்டுக்கும் கேட்டார், அதற்கடுத்ததற்கும் கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அந்த வித்தியாசம் குரலில் தெரியும். அவர் நிஜமாகவே என்னிடம் காட்டி, சரிபார்த்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் அந்த லைனில் யாரும் அவர் வேலையைப் பரிசோதித்ததில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு போல்ட்டுக்கும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தியிடம் சரியா சரியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தகரத்துக்கு மேல் என்னால் தலையாட்ட முடியவில்லை.

“ஏங்க, அவரு ஒழுங்காத்தான் போட வந்தாரு. நான்தான் மேக்காலேருந்து போடச் சொன்னேன். வேணாம்னு சொன்னாரு, நான் கேக்கல” என்றேன்.

கணவர் கையிலிருந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் தேவலை.

“எங்கப்பா தலை அங்க இருந்துச்சுடி” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பிறகு ஏணியில் ஏறி மேலே போய், மிஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மிஸ்திரி சொன்னது கேட்டது. எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார். “அம்மா சொன்னாங்க, அது நிஜம். ஆனா சுத்தியல் என் கையில இருந்துச்சு. தப்புன்னு தெரியும், தெரிஞ்சேதான் அடிச்சேன். அன்னிக்கே எறங்கிப் போயிருக்கணும்.”

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் தன் தப்பை மட்டும்தான் எண்ணிப் பார்த்திருக்கிறார். என் தப்பை எண்ண வேண்டியவள் நான்.

கூலியைக் கணவர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். என்னோடு ஒரு வாரம் அவசியத்துக்கு மட்டும் பேசினார், பிறகு சரியாகிவிட்டார். மாமாவிடமும் நடந்ததைச் சொன்னேன். முகத்தின் ஒரு பாதியால் சிரித்தார். அது சிரிப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நாலு வருடம் அவர் அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார், ஒரு சொட்டு அவர் மேல் விழவில்லை.

2006-இல் தகரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் ஸ்லாப் போட்டோம். எங்கள் லைனில் யாராவது கூரை மாற்றினால் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பார்கள், நானும் எந்தக் கோடியில் தொடங்க வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்வேன், கூடவே அன்றைக்கு நான் செய்த கோளாறையும் சொல்வேன். காற்றின் திசை தெரியாமல் போனதற்காக எனக்கு இப்போது வெட்கமில்லை. ஒரு நல்ல மனிதர் நடுத்தெருவில் தலைகுனிந்து நின்றபோது, ‘நான்தான்’ என்ற ஒற்றைச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேனே, அந்தக் காலை நேரத்தை நினைத்தால்தான் இன்றும் என்னால் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை.