பதினேழாவது படம்

எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரின் கண்ணாடித் திரையில் முன்கையை வைத்தால் மயிர்கள் மெல்ல எழுந்து நிற்கும், சூடேறிய தூசியின் மணம் வரும்; பள்ளி விட்டு வந்ததும் அந்தச் சிலிர்ப்புக்காகவே நான் அதன் முன் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தக் கோடையில் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். ஒரு சாயங்காலம் எல்லோரும் துறைமுகக் கடற்கரைக்குப் போனோம். தூரத்தில் கப்பல்கள் நகர்வதே தெரியாமல் நின்றன. வீட்டுக்குத் திரும்பும் நினைப்பே யாருக்கும் இல்லை. அம்மாவுக்குத் தெத்துப்பல், கேமராவைக் கண்டாலே முந்தானை வாய்க்குப் போய்விடும். அன்றோ முழங்கால் தண்ணீரில் இரண்டு கையாலும் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவள் எதற்கோ சிரிக்க, மூடிக்கொள்ளக் கை இல்லாமல் போக, மாமா எடுத்துவிட்டார். கேமராவின் முதுகில் இருந்த தீப்பெட்டியளவு திரையில் அதைப் பார்த்த அம்மா, இதைப் பெரிதாகப் போட்டு மாட்டலாம் என்றாள். என்னால் நம்பவே முடியவில்லை.

மாமா ஊருக்குக் கிளம்பும் நாளில், படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர். அவர் வாயில் எல்லாமே 'ஏத்துறது', 'எறக்குறது'தான். கேபிளைச் செருகி, மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தி, திரையில் ஒரு மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே கடல், மணல், அம்மா. எல்லாம் 'எறக்கியாச்சு' என்று தீர்மானித்து, கேமராவில் இருந்ததை அழிக்கப் போனார். அதிலும் இருக்கட்டுமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"சரக்கு எறங்குன பொறவு கப்பல்ல ஒரு மூட்டை கெடக்கக் கூடாது, சரசு. கெடந்தா டாலி எழுதுனவனுக்குத்தான் அசிங்கம்."

மறுநாள் மஞ்சள் பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. அப்பா இறக்கியது படங்களை அல்ல, கேமராவுக்குள் அவை இருக்கும் இடத்தைக் காட்டும் 'ஷார்ட்கட்' என்ற ஒரு வழிகாட்டிப் பலகையை மட்டுமே. காலிக் கேமராவோடு மாமா மஸ்கட் போய்ச் சேர்ந்திருந்தார். அழித்ததை மீட்கலாம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்கு யார் சொல்வது?

அம்மா ஏசியிருந்தால் வீடு சீக்கிரம் சரியாகியிருக்கும். அவள் வழக்கம்போல அப்பாவுக்குச் சோறு போட்டாள், அதுதான் அவரைத் தின்றது. மூன்றாம் நாள் அவர் ஒரு டாலித் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சரக்கு கடலில் போய்விட்டால் என்னென்ன போனது என்று எழுதியாக வேண்டுமாம். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு, முப்பத்தோரு படங்களையும் வரிசையாக எழுதினார். பதினேழாவது: 'சரசு, முழங்கால் தண்ணீர், இரண்டு கையிலும் சேலை, சிரிப்பு.' அடியில் கையெழுத்தும் போட்டார்.

இப்போது என் போனில் எடுக்கும் படம் நான் கேட்காமலேயே எங்கோ போய்ப் பத்திரமாகிவிடுகிறது. யாரும் எதையும் இறக்க வேண்டியதில்லை. அப்பா தவறி நாலு வருஷமாகிறது. அம்மாவின் படம் மட்டும் ஆயிரம் இருக்கும், எல்லாவற்றிலும் முந்தானை வாயில்தான். அந்தத் தெத்துப்பல்லையும் போன வருஷம் பிடுங்கிவிட்டார்கள்.

போன மாதம் அப்பாவின் பெட்டியில் அந்தத் தாள் கிடைத்தது. அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். கடற்கரைக்குப் போனதே அவளுக்கு நினைவில்லை. பதினேழாவதை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏளா, எதுக்குச் சிரிச்சேன்னு உங்கப்பா எழுதலையா?"