பெர்னாந்து ராஜாவின் மூன்றாவது கேள்வி

ஓகுஸ்தேன் தொழிலால் கொத்தனார். காரைக்காலில் அவர் கட்டி முடித்த வீடுகள் நாற்பத்தொன்று. ஆனாலும் ஊர் அவரை ‘ராஜா’ என்றுதான் கூப்பிட்டது. 1971 முதல் ஒவ்வொரு மே முப்பதாம் தேதியும் மாதா கோவில் மைதானத்துத் திருநாள் நாடகத்தில், புனிதர் பட்டம் பெற்ற ஸ்பெயின் தேசத்துப் பெர்னாந்து ராஜா அவர்தான்.

எழுநூறு வருஷத்துக்கு முந்திய அந்த ராஜாவின் கதை ஜனங்களுக்கு மனப்பாடம். பட்டத்துக்கு உரிய தாய் முடியை மகனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது, இரண்டு ராஜ்ஜியங்கள் ஒன்றானது, பதினாறு மாத முற்றுகைக்குப் பிறகு செவில் பட்டணம் பணிந்தது எல்லாம் வரும். ஆனால் கூட்டம் காத்திருப்பது கடைசிக் காட்சிக்கு. சாகக் கிடக்கும் ராஜா தன் கையாலேயே முடியைக் கழற்றி வைப்பார். கழுத்தில் கயிறு மாட்டி, சாம்பலில் முழந்தாளிட்டு, மெழுகுவர்த்தி ஏந்தி, “என்னால் நொந்தவர்கள் என்னை மன்னிப்பீர்களா?” என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஜனங்கள் எழுந்து நின்று, “மன்னித்தோம் ராஜாவே!” என்று சொல்வது வழக்கம். எண்ணூறு தொண்டையிலிருந்து அது எழும்போது உடம்பு சிலிர்க்கும்.

தம்பி ஆர்மானும் எழுந்து நின்று சொல்வார். அதைத்தான் ஓகுஸ்தேனால் தாங்க முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரும் ஆசையில் ஆர்மான் எழுதினார். காய்ச்சலில் படுத்துவிட்டதால் காகிதத்தை அண்ணனிடம் கொடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார். ஓகுஸ்தேன் தூதரக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். தாய் தகப்பன் இல்லாத வீடு. இருக்கும் ஒரு தம்பியும் கப்பலேறிவிட்டால்? “குடுத்துட்டேன்” என்று சொல்லிக் காகிதத்தைப் பெட்டியடியில் வைத்துவிட்டார். மறு வருஷம் பிப்ரவரியில் கெடு முடிந்தது. பதில் வராததைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்ட ஆர்மான், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்துப் பிழைத்தார்.

1979-ஆம் வருஷ நாடகத்தில், மூன்றாவது முறை கேட்க வேண்டிய இடத்தில் ராஜாவுக்கு வசனம் வரவில்லை.

“ஆர்மான், ஒன் காயிதத்த நான் குடுக்கலடா. பொட்டியிலயே வச்சிட்டேன்.”

புது வசனம் என்று நினைத்த கூட்டம், “மன்னித்தோம் ராஜாவே!” என்று முழங்கியது.

“இருங்கய்யா! அது என்னையக் கேட்டது.” ஆர்மான் மேடையருகே வந்தார். “நெசமாவா?”

“நெசந்தான்டா.”

“பதினாறு வருஷமா எங்க வீட்டுக் கொழம்ப ஊத்தித் தின்னப்பல்லாம் வாய் வரல. ராஜா வேஷம் கட்டுனாத்தான் வருமோ?”

மனைவி மரி-ரோஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். திரையை இழுக்கச் சொன்னார்கள். “ராஜா இன்னும் சாவலையே!” என்றார் வசனம் எடுத்துக்கொடுக்கும் அம்பலவாணன்.

மறு வருஷம் முதலிரண்டு கேள்விகளுக்கும் ஜனங்கள் வழக்கம்போலப் பதில் சொன்னார்கள். மூன்றாவதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அப்படிச் செய்யும்படி ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

“நாம மன்னிச்சு என்னடி ஆவும்? காயிதம் அவனோடதாச்சே” என்றாள் மீன்காரி அற்புதம், பக்கத்தில் இருந்தவளிடம்.

ஆர்மான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பூசையிலும் அப்படியொரு அமைதி இருந்ததில்லை. பதில் கிடைக்காமலே ராஜா சாம்பலில் சாய்ந்தார். 81, 82, 83-இலும் அப்படியே. இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார்.

“ராஜா மூணு தடவ கேட்டாருங்க சாமி” என்றார் ஓகுஸ்தேன்.

1984 மே 30, புதன்கிழமை. மூன்றாவது கேள்வி முடிந்தது. மெழுகு உருகி ராஜாவின் விரலில் வடிந்தது. அவர் கையை அசைக்கவில்லை.

ஆர்மான் எழுந்தார்.

“சரிண்ணே. மன்னிச்சாச்சு. நிம்மதியா சாவு.”

ஓகுஸ்தேனால் சாக முடியவில்லை. சாம்பலிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் அற்புதம் முழந்தாளிட்டாள். அவளுக்குப் பின்னால், வரிசை வரிசையாக, மைதானம் முழுவதும்.