வார்த்தை வரும்வரை காத்திருந்தவள்

வேன் ஓட்டுவது என் பிழைப்பு. விடிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிடுவேன். திரும்பி வந்து அதே வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன். என் மகளும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வந்தாள். கொஞ்ச காலம்தான் வந்தாள்.

வகுப்பில் பாட்டுச் சொல்லும்போது ஏதோ ஒரு சொல் தடுமாறியிருக்கிறது. மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்குத் திக்க ஆரம்பித்தது. வீட்டில் ஓயாமல் பேசியவள், தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் செம்பைக் கையால் காட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளை பேச்சையே விட்டுவிடுமோ என்று பயந்தேன்.

"இனி இவ வீட்டுல இருந்து படிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றாள் என் மனைவி. அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். மகள் பிறக்கும்வரை பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். நான் தாம்தூம் என்று குதித்தேன். டீக்கடையில் வேறு, "ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறீக, ஒங்க பிள்ளைய மட்டும் எறக்கி விட்டுட்டீகளாக்கும்?" என்று கிண்டல். அவள் எதற்கும் அசையவில்லை.

சிவகாசி அச்சகங்களில் கழிவாகப் போகும் பட்டாசு லேபிள் தாள்களை என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள். மயில், புலி, ரயில் என்று அதில் படங்களுக்குப் பஞ்சமில்லை. மகள் ஒரு படத்தைத் தொடுவாள். அம்மா அதற்கு ஒரு கதை கட்டுவாள். பிறகு அந்தப் பெயரைச் சாக்பீஸால் தரையில் எழுதுவார்கள். புளியங்கொட்டைதான் கணக்கு. பிள்ளைக்கு மனசில்லாத நாளில் பாடமும் கிடையாது. இரண்டு பேரும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதற்குப் பெயர் படிப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் "த... த..." என்று ஆரம்பித்தாலே நான் "தண்ணியா?" என்று முடித்துவிடுவேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. ஒருநாள் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"கம்பெனியில மொத நாளு என்ன சொல்லிக் குடுப்பாக தெரியுமா? எதையும் தரையில இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும். இழுத்தா உரசும், உரசுனா போச்சு. நீங்க அவ வாயிலருந்து வார்த்தைய இழுக்கீக."

அதன்பிறகுதான் மனைவியைக் கவனித்துப் பார்த்தேன். மகள் பேச வாயெடுத்தால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். முகத்தைப் பார்த்தபடி, உலகத்தில் வேறு சோலியே இல்லாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஆட்டுக்குட்டி துள்ளிய கதையை மகள் திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. வாசனை எனக்கு வந்தது, அவளுக்கு வராமலா இருக்கும்? திரும்பவே இல்லையே! அப்படி ஒரு பொறுமையை நான் யாரிடமும் கண்டதில்லை. முன்னால் போகிற வண்டி சற்று நின்றாலே ஹாரனில் கையை வைக்கிற ஆள் நான். அந்தக் குழம்பை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

பேச்சு மெல்லத் திரும்பியது. திக்கல் முழுதாகப் போகவில்லை; பயம் போய்விட்டது. மகள் எழுத்துக்கூட்டி லேபிள்களை வாசித்தாள். பால்காரரிடம்கூட வம்பளந்தாள்.

அந்தத் தீபாவளிச் சீசனில் ஆர்டர் நெருக்கடி. காலையில் நான் இறக்கிவிட்ட பெண்களில் ஒருத்தி வேலை பார்த்த அறையில் தீப்பிடித்தது. இரண்டு கையும் வெந்துபோனவளை நானே வேனில் ஏற்றிக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீப்பிடித்த தகவலைக் கேள்விப்பட்டிருந்த மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளோடு முன்பு வேலை பார்த்த சிநேகிதிகள் எல்லாரும் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். "யாருக்கு? சொல்லுங்க, யாருக்கு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்கூட வரவில்லை.

மகள் வந்து எனக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"நீ சு... சு... சும்மா இரும்மா. அப்பா சொல்லுவாக."

மனைவியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது முடியும்வரையும் மகள் காத்திருந்தாள்.