நாங்கள் வாங்கிய வண்டிக்குதிரை

போன வாரம் பேத்தியோடு அரியமான் கடற்கரைக்குப் போயிருந்தேன். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் ஆள் ஒருவர் நின்றார். ஏறிய வேகத்தில் பேத்தி அலறினாள். தூக்கி இறக்கியதில் குதிரையின் வாடை என் கையில் ஒட்டிக்கொண்டது. வியர்வையும் புல்லும் சேர்ந்து புளித்த வாடை. திரும்பும் பஸ்ஸில் அதையே முகர்ந்துகொண்டு வந்தேன். “உவ்வே” என்றாள் பேத்தி.

என்னிடமும் ஒரு குதிரை இருந்தது என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. இப்போதைய என் உடம்பைப் பார்ப்பவர்கள் குதிரைக்காகத்தான் இரக்கப்படுவார்கள். அப்போது நான் ஒல்லி. வாலிநோக்கத்தில் ஓர் உப்பளத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. என் கூட்டாளி செபஸ்தி அங்கே பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பான். அதனாலோ என்னவோ, குதிரை ஏறவேண்டும் என்று ஓர் ஆசை.

“கடலுதான் என்னைய வேணாம்னுருச்சு. கரையில எதுலயாச்சும் ஏறணும்ல மாப்ள.”

ராமேஸ்வரத்தில் ஆட்டோக்கள் பெருகி, வண்டிக்காரர்கள் குதிரைகளை விற்றுக்கொண்டிருந்த காலம். இருவரும் சேர்ந்து ஒன்றை வாங்கினோம். செபஸ்தியால் மோட்டாரை விட்டு வர முடியவில்லை. காலி லாரியோடு நான் மட்டும் போய் ஏற்றி வந்தேன். விற்ற பாய் அதன் கழுத்தை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.

“மைனான்னு கூப்பிட்டா வரும் தம்பி. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. தீனிய மணல்ல கொட்டிறாதீக, தொட்டியில போடுங்க. மணலு வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கிரும்.”

சரி பாய் என்றேன்.

சொல்லித்தர ஆள் கிடையாது. சாக்கை மடித்துப் போட்டு ஏறினோம். விழுந்துவிடுவோம் என்று காலால் இறுக்குவோம். இறுக்கினால் ஓடு என்று அதற்கு அர்த்தம். அது ஓட, நாங்கள் இன்னும் இறுக்க, கடைசியில் மணலில் கிடப்போம். மைனா கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். அதைவிடக் கூத்து, நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். வண்டிக்குதிரையில்லையா, ஆள் ஏற்றாமல் நகராது. சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் செபஸ்தி அப்படி மாட்டிக்கொண்டபோது, கூடைக்கார அம்மா ஒருத்தர், “வாலிநோக்கம் போகுமா?” என்று நிஜமாகவே கேட்டார்.

குளிப்பாட்டுவது அவன் வேலை, தீனி என் வேலை. உப்புக்காற்றில் தகரத்தொட்டி துருப்பிடித்து ஓட்டையானது. வேறு வாங்க வேண்டும் என்று நினைப்பேன். சாயல்குடிக்குப் போனால் மறந்துவிடும். புல்லையும் கொள்ளையும் தரையிலேயே கொட்டினேன். பாய் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ரெண்டு நாள்தானே என்று நினைத்தேன். ரெண்டு மாதம் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த செபஸ்தி, முதல்முறையாக விழாமல் கரையோரம் முழுக்க ஓட்டிப் போய்த் திரும்பினான். “ஏலே, பாத்தியாலே!” என்று கத்தினான். மறுநாள் காலை மைனா படுத்துப் புரண்டது. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. ராமநாதபுரத்திலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேர மதியமாகிவிட்டது. செபஸ்தியால் பார்க்க முடியவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். டாக்டர் சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தார். அடியில் மணல் தங்கியது.

“வயிறு பூரா இதான்” என்றார். சற்று நேரத்தில் மைனா அடங்கியது.

கொட்டகைக்குப் போனேன். “நேத்து அப்படி ஓட்டுனதுனாலயா மாப்ள? டாக்டர் என்ன சொன்னாரு?” என்றான் செபஸ்தி.

“ஒண்ணும் தெரியலங்கிறாரு” என்றேன்.

உப்பளத்து ஆட்கள் குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் போய் லாரிகளுக்குச் சீட்டு எழுதினேன். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. அழுகை வரும் என்று ரெண்டு மூன்று நாள் எதிர்பார்த்தேன். வரவில்லை.

அந்த மாதமே செபஸ்தி வேலையை விட்டுவிட்டான். தங்கச்சிமடத்தில் டீக்கடை போட்டான், கல்யாணம் செய்துகொண்டான். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டான். துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி காபி கொடுத்தார்.

“ஒரு குதிரைய ஓட்டியே கொன்னுட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாக அண்ணே. சைக்கிள்லகூட வேகமாப் போக மாட்டாக.”

காபியைக் குடித்தேன். “நல்லாத்தான் ஓட்டுனான்” என்றேன். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் இப்போது ஆட்டோக்கள்தான். பாய் குடும்பம் எங்கே போனது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. உப்பளம் கைமாறி, கொட்டகையை இடித்து மட்டமாக்கிவிட்டார்கள். மைனாவைப் புதைத்த இடம் எனக்கே அடையாளம் தெரியாது. செபஸ்தி முப்பது வருடம் தங்கச்சிமடத்தில் இருந்தான். ராமநாதபுரத்தில் என் வீட்டிலிருந்து ஒரே பஸ், ஒரு மணி நேரம். அவன் இருந்தவரை நான் போகவில்லை.