நான் கீறிய லினோ அட்டை

மேல்வீட்டு அண்ணி பழைய துப்பட்டாவில் சுற்றி என் கையில் கொடுத்த, படம் அச்செடுக்கும் லினோ அட்டை, பரீட்சை அட்டை அளவுதான் இருக்கும். ரப்பர் போல மெத்தென்ற அதில் உளியால் ஒரு பெண்ணைச் செதுக்கியிருந்தார். காலடியில் பை கவிழ்ந்து கிடக்க, கைகள் இரண்டையும் விரித்து வாட்ச்மேன் முன்னால் நிற்கும் பெண். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த மாவுஷிதான் அது; வேலைக்கு வரும் அம்மாக்களை மராத்தியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். புனேயில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வேலைக்கு வரும் பெண்களை, வெளியே போகும்போது இப்படித்தான் சோதிப்பார்கள். பெரிய லிஃப்டில் ஏறவும் விடமாட்டார்கள். நாலு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் மகர்பட்டாவுக்கு வேலைக்குப் போய்வந்தேன். எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை. மேல்மாடியில் குடியிருந்த அண்ணிக்கு உறைத்தது. "வாயால சொன்னா யாரும் காது குடுக்கறதில்லீங்க தம்பி. செவுத்துல பாக்கட்டும்" என்றார். மாவுஷியிடம் சம்மதம் கேட்டு, அட்டையில் மை தடவி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். கிழிக்கக் கிழிக்க ஒட்டினார்.

சொசைட்டி கமிட்டிக்காரர்கள் அவரிடம் பேச வருவதாகச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், "பத்திரமா வெச்சிருங்க தம்பி, இன்னும் பாதிப் படி அச்சடிக்கோணும்" என்று அட்டையை என்னிடம் தந்தார். என் வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடியவிருந்தது. நீ சொன்னால் அவர் கேட்பார், படம் ஒட்டுவது நிற்காவிட்டால் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விடமாட்டோம் என்று செயலாளர் ஏற்கெனவே என் காதில் போட்டிருந்தார். வீடு மாறினால் மகளின் பள்ளிக்கூடம் என்னாவது என்று நினைத்தேன். வேண்டிய படிகள் அடித்து முடிந்ததும் அண்ணி அட்டையின் குறுக்கே கத்தியால் ஒரு கோடு இழுப்பார். இனி இதிலிருந்து அச்சு கிடையாது என்று அர்த்தம்; அச்சுக்கலைஞர்களின் வழக்கம் அது. அந்தக் கோட்டை நானே இழுத்துவிட்டால் என்ன? சமையலறைக் கத்தியை எடுத்து மூலைக்கு மூலை இழுத்தேன். செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் வராது என்று இந்தியில் குழைந்தேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அடச்சே, எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது!

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மாவுஷியின் கேட் பாஸை அந்த வாரமே ரத்து செய்துவிட்டார்கள். எங்கே வேலைக்குப் போனார் என்று இன்றுவரை தெரியாது. இப்போது வரும் பெண்ணும் தினமும் கேட்டில் கைகளை விரித்து நிற்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்டில் ஏறிவிடுகிறேன்.

கீறிய அட்டையை நான் திருப்பிக் கொடுத்த அன்று அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்கு மை தடவி ஒரே ஒரு படி எடுத்தார். மாவுஷியின் தோளிலிருந்து இடுப்பு வரை வெள்ளையாக ஒரு கோடு. பென்சிலை என் பக்கம் தள்ளினார்.

"செஞ்சவங்கதான் அடியில கையெழுத்துப் போடோணும். இது நீங்க செஞ்சதுங்க தம்பி."

"முடியாதுங்க அண்ணி" என்றேன். என் வாழ்நாளில் நான் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.