உஷாராணி தூக்கக் கூடாத சாமான்கள்

மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குச் சேலை எடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கடையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "உஷாக்கா கடைக்குப் போறோம்" என்பார்கள். கடை ஒன்றும் அவளுடையது இல்லை. முதலாளி குகன். உஷாராணி அங்கே இருபத்தாறு வருஷமாக நின்று சேலை விற்பவள், அவ்வளவுதான். ஆனால் வாசலில் ஆள் நுழையும்போதே எடை போட்டுவிடுவாள். "அந்தம்மா பச்சை கேப்பாங்க, மெரூன் வாங்கிட்டுப் போவாங்க, பாரேன்" என்று பக்கத்தில் நிற்கும் ஷாமினியின் காதில் சொல்வாள். அப்படியேதான் நடக்கும்.

நின்று என்று சொன்னேன் அல்லவா, அதுதான் விஷயமே. காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரை அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்காருவதில்லை. சட்டம் எதுவும் இல்லை. இருக்கிற ஒரே நாற்காலி, மனைவி சேலை பார்த்து முடிக்கும்வரை கணவன்மார் தூங்கி வழிவதற்கு. கேட்டால் யார் தருவார்கள் என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஐம்பத்து நாலு வயது உஷாராணி ஐந்து வருஷமாக ஒன்றை மறைத்து வைத்திருந்தாள். காலையில் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடிவயிறு கனக்க ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆகும்போது கீழே கோழிமுட்டை அளவுக்கு ஏதோ இறங்கி வந்து உரசும். தும்மினால் போச்சு, சேலையை மாற்ற வேண்டியதுதான். ஒருநாள் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இது புற்றுநோய்தான் என்று தானே தீர்ப்பும் எழுதிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் ஒரு மாதிரி நடக்கிறாய் என்று கேட்டவர்களிடம் முட்டி வலி என்றாள். பாவம் அந்த முட்டி, ஒரு தப்பும் செய்யாமல் ஐந்து வருஷம் பழி சுமந்தது!

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்பு கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். ஒரு கல்யாண வீட்டார் கும்பலாக வந்து பதினோரு சேலை எடுக்கிறார்கள். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவதுக்கு மேல்தட்டுப் பட்டுக்கட்டை இரண்டு கையாலும் இழுத்தாள். இறங்கிவிட்டது. முழுசாக. தொடையை நெருக்கிக்கொண்டு, "ஷாமினி, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. கல்யாண வீட்டார் ஒன்பதையும் அங்கேயே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருந்தார்கள். குகன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உங்களுக்கும் வயசாகுதுல்ல, அடுத்த தீபாவளிக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கும் அந்த மேசைக்குப் பின்னால் தான்தான் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

கணவனிடம் சொன்னது காரில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயா தாண்டுமுன் நல்ல ஜாம். கார் ஓட்டுகிற மனிதன் முகத்தைத் திருப்ப முடியாது, அதுதான் வசதி. நேரே பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவள் கணவன் ரெங்கசாமி முப்பத்தொரு வருஷம் விமானச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவன். சுபாங் ஜெயா வந்ததும் கேட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தூக்குவே உஷா?"

"அதையெல்லாம் யாருங்க கணக்கு வச்சா?"

"வச்சிருக்கணும்லா" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுவாரம் டாக்டர் பிரேமினி பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "அம்மா, முதல்ல ஒண்ணு. இது கேன்சர் இல்லை. கருப்பை இறங்கியிருக்கு, மூத்திரப்பையும் கூடவே சாய்ஞ்சிருக்கு. மூணு பிரசவம், அதுக்கு மேல தினமும் பாரம். தாங்கிப் பிடிக்கிற சதை தளர்ந்து போச்சு."

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

"உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? இன்னைக்குக் காலையில நீங்க மூணாவது ஆள். யாரும் வெளியே சொல்றதில்லை, அவ்வளவுதான்."

முதலில் உள்ளே ஒரு சிலிக்கான் வளையம் வைத்தார்கள். இரண்டு மாதம் சொர்க்கம். தும்மலுக்குப் பயப்படாமல் மிளகாய்கூட வறுத்தாள். மூன்றாம் மாதம் கடைக் கழிவறையில் டொப்பென்று விழுந்தது. திரும்ப வைத்தார்கள், திரும்ப விழுந்தது. கடைசியில் டாக்டர் ஆபரேஷனைப் பற்றிப் பேசினார். கருப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிட்டு, மூத்திரப்பையைத் தூக்கித் தைப்பது. உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, தாங்க முடிந்தால் இப்படியே விட்டுவிடலாம், முடிவு உங்களுடையது என்றார்.

"எடுத்துட்டா உள்ளே காலியா இருக்குமா டாக்டர்?"

"குடல் வந்து இடத்தை நிரப்பிக்கும். ஒரு இடமும் சும்மா கிடக்காது."

"மறுபடியும் இறங்குமா?"

"சில பேருக்கு இறங்கும். பொய் சொல்லமாட்டேன். பாரம் தூக்கினா கண்டிப்பா."

"தீபாவளிக்குக் கடையில நிக்க முடியுமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைத்த தேதி செப்டம்பர். தீபாவளியோ அக்டோபர், ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது ஓய்வு வேண்டும். உஷாராணி முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். அதற்குப் பிறகு தினமும் ஒரு மனம். வேண்டாம், இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது என்பாள் காலையில். சாயங்காலம் அடிவயிறு கனக்கும்போது இன்றைக்கே வெட்டி எடுங்கள் என்பாள். மே மாதம் ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் முன்னால் சேலையை விரித்துப் பிடித்திருக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. ஒருவர் வரவில்லை, அடுத்த செவ்வாய் இடம் காலி, வருகிறீர்களா என்று கேட்டார்கள். உஷாராணி மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாள். "வரேன்" என்றாள். போனை வைத்துவிட்டு, "நீங்க மெரூனே எடுங்கம்மா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் தானாகவே சிறுநீர் போகிறதா என்று அளந்து பார்த்தார்கள். வார்டு தாதி புட்டியைத் தூக்கிப் பிடித்து, "முன்னூத்தி இருபது! பாகுஸ்!" என்று கட்டைவிரலைக் காட்டினாள். ரெங்கசாமி அதைக் குறித்துக்கொண்டான். புறப்படும்போது அதே தாதி கண்டிப்பாகச் சொன்னாள்: "ஆன்டி, ஜாங்கான் அங்காட் பெராட்." பாரம் தூக்காதே. ஆறு வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடாது. அப்புறம் ஆயுசுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம்.

எவன் காதுபடச் சொன்னாள் பாருங்கள்!

உஷாராணி வீட்டுக்கு வந்து படுத்து எழுந்தபோது வீடு முழுக்க ஸ்டிக்கர். ரெங்கசாமி பெட்டி தொங்கவிடும் தராசை வைத்துக் கண்ணில் பட்ட சாமானையெல்லாம் எடை போட்டிருந்தான். தூக்கலாம் என்றால் பச்சை, தூக்கக் கூடாது என்றால் சிவப்பு. கெட்டில் தண்ணீரோடு 1.8, பச்சை. ரைஸ் குக்கர் 3.1, சிவப்பு. தோசைக்கல்லுக்கும் சிவப்பு. பூனையின் கழுத்துப்பட்டையிலும் சிவப்பாக ஒன்று, 4.9.

"பூனையை எப்படிங்க தராசுல தொங்கவிட்டீங்க?"

"பாசார் பையில போட்டுத்தான். பையோட வெயிட்டைக் கழிச்சிட்டேன்."

உஷாராணி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலித்தது, வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அவன் தொப்பையில் ஒட்டினாள்.

சமையலும் அவன்தான். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. முக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்காகத் தினமும் பப்பாளி. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன ஆபரேஷன் என்று கேட்டபோது உஷாராணி அப்பெண்டிக்ஸ் என்றாள். முட்டியை விட்டாள், குடல்வாலைப் பிடித்தாள்.

நாலாவது வாரம்தான் வினை. ரெங்கசாமி கடைக்குப் போயிருந்தான். வெளியே நல்ல வெயில், உள்ளே ஈரத்துணி வாளி. ஐந்தடி தூரம்தானே என்று தூக்கிக்கொண்டு போய்க் காயப்போட்டாள். ஒரு மணி நேரத்தில் உள்ளாடையில் பழுப்பாக ரத்தக்கறை பட்டுவிட்டது. அவ்வளவுதான், குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். தையல் விட்டுவிட்டது, எல்லாம் மறுபடி இறங்கப் போகிறது, தீபாவளி போச்சு, குகன் வேற ஆள் போட்டுவிட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நினைத்து அழுதாள். ரெங்கசாமி வந்ததும் காரை எடுத்தான். டாக்டர் பார்த்தார். தையல் பத்திரமாக இருந்தது. "இந்தத் தடவை தப்பிச்சீங்க" என்று முறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் திட்டு விழப் போகிறது என்று காத்திருந்தாள். அவன் வாளியில் துணியளவு தண்ணீர் பிடித்து எடை போட்டான். 7.4 என்று எழுதிச் சிவப்பை ஒட்டினான். "இது என் தப்பு. வாளியை விட்டுட்டேன்" என்றான். அன்றிலிருந்து அவள் ஒரு டம்ளரைத் தூக்குவதென்றாலும் நிறம் பார்த்துத்தான் தூக்கினாள்.

செப்டம்பரில் டாக்டர் கடிதம் கொடுத்தார். உஷாராணி அதை நாலாக மடித்துக்கொண்டு போய்க் குகன் மேசையில் வைத்தாள். குகன் இரண்டு வரி படித்தார், காது சிவந்தது, மூடிவிட்டார்.

"பாஸ், நான் வேலைக்கு வரேன். கட்டைத் தூக்கமாட்டேன். ஷாமினி தூக்குவா, நான் விப்பேன். எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

"நாற்காலியா..."

"ஷாமினிக்கும் ஒண்ணு. அவ இன்னும் பிள்ளை பெறணும்."

குகன் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போடுங்க, போடுங்க" என்றார். இந்த இரண்டு வார்த்தைக்கு இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறாள்! அடுத்த ஞாயிறு ரெங்கசாமி தராசோடு கடைக்கே வந்துவிட்டான். கட்டுக்கட்டாகவும், கனமான பட்டை ஒவ்வொன்றாகவும் எடை போட்டு ஒட்டினான்; ஆறு வாரம் தாண்டிவிட்டதால் இப்போது ஐந்து கிலோ வரை பச்சை. ஷாமினி, "அங்கிள், எனக்கும் ஒண்ணு ஒட்டுங்க லா" என்று கெஞ்சினாள்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா வந்தார். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை, பெயர் குணபூசணி. எழுபதை நெருங்கும் வயது. சேலையைப் பார்க்குமுன் கழிவறை எங்கே என்று கேட்டார். போய்வந்து தூணில் சாய்ந்து, ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார். உஷாராணிக்கு அவர் என்ன நிறம் கேட்பார் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கால்களைத்தான் பார்த்தாள்.

விரித்த சேலையின் முந்தானையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. 0.9 என்று எழுதியிருந்தது.

"இது என்ன பிள்ளை, விலையோ?" என்று கேட்டார் குணபூசணி.

முட்டி வலி, அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிப் பழகிய நாக்கு ஒரு நிமிஷம் தயங்கியது. பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். அதனால் என்ன?

"வெயிட்டும்மா. எனக்குக் கருப்பை இறங்கி, மே மாசம் ஆபரேஷன் பண்ணாங்க. பாரம் தூக்கக் கூடாது. அதான் என் வீட்டுக்காரர் எல்லாத்துலயும் எழுதி ஒட்டிட்டார்."

சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கை அப்படியே நின்றது. குணபூசணி சேலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"இப்ப நல்லா இருக்கோ?"

"போன தீபாவளிக்கு இதே இடத்துல இருந்து ஓடினேன்மா. இன்னைக்குக் காலையில இருந்து நிக்கிறேன்."

"எனக்குப் பன்னிரண்டு வருஷம்" என்றார் குணபூசணி. "அவர் இருக்கும்போதுகூடச் சொல்லேல்லை."

உஷாராணி தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்தாள். அது 3.6, பச்சை. "உக்காருங்கம்மா" என்றாள். அந்த அம்மா உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் பேர் என்ன என்று கேட்டார். உஷாராணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

குணபூசணி அந்தச் சேலையையே எடுத்தார். மடிக்கும்போது உஷாராணி ஸ்டிக்கரை உரிக்கப் போனாள்.

"அதை எடுக்காதே பிள்ளை" என்றார் அவர். "இருக்கட்டும்."