கொப்புளமும் கொப்பளிப்பும்

"மாவா போடுற ஆளு உப்புத் தண்ணிய இன்னாத்துக்கு வாயில ஊத்தித் துப்பப் போறாரு?" என்று எதிர்வீட்டுக் கிளியம்மாளைக் கேட்டேன். புற்றுநோய் வந்தும் என் மருமகன் தணிகாசலம் புகையிலையை விடவில்லை, வாசலில் துப்பிக்கொண்டே இருக்கிறார் என்று பிள்ளைப்பாக்கம் முழுக்கச் சொல்லியிருந்தாள். மாவா போட்டவர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரகடத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், ராத்திரி ஓ.டி.யில் தூக்கம் வராமலிருக்கப் பழகியது. நாக்கில் கட்டி என்றதும் விட்டுவிட்டார்.

கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், அதாவது கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். நாக்கு நோய்க்குப் பல் என்ன செய்தது? கரண்ட் என்றால் ஷாக் அடிக்கும் என்று நினைத்தேன். சும்மா படுத்திருந்தேன் அத்தை, ஒன்றுமே தெரியவில்லை என்றார் மாப்பிள்ளை. தெரியாதது எப்படி வாயை வேகவைக்கும்? வேகவைக்குமாம். புண் முற்றிச் சோறு இறங்காவிட்டால் நடுவில் நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்றார் டாக்டர். அந்தப் பயம்தான் வீட்டில்.

நர்ஸம்மா அவசரத்தில் ஏதோ சொன்னார். கொப்பளிக்கக் கூடாது என்று மாப்பிள்ளை காதில் விழுந்தது. கொப்புளம் வரக் கூடாது என்று என் மகள் சசிகலா காதில் விழுந்தது. எனக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்டது. மாப்பிள்ளை எச்சிலைக்கூடத் துப்பாமல் வாயை மூடிக்கொண்டு கிடந்தார். கன்னத்தின் உள்பக்கம் சிவந்ததும் நானே போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"கொப்புளம் வரக் கூடாதுன்னா கொப்பளிக்கணும் பாட்டி. ஆறுன தண்ணியில உப்பும் ஆப்ப சோடாவும் போட்டு, அடிக்கடி."

"அப்ப வரவே வராதா?"

"வரும். கம்மியா வரும்."

வரும் என்றால் எதற்குச் செய்வது? குழப்பத்தோடே வந்து சோடா கரைத்தேன். மிளகாயையும் புளியையும் நிறுத்தினேன். மாப்பிள்ளையும் வாசலில் நின்று அடிக்கடி கொப்பளித்துத் துப்பினார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியபோதுதான் கிளியம்மாள் பேச்சு அவர் காதுக்குப் போனது. வெட்கப்பட்டுக் கொப்பளிப்பதை விட்டுவிட்டார். வாய் மறுபடி எரிந்தது. இன்றைக்குக் கரண்டுக்குப் போகவில்லை என்று படுத்தார். அதனால்தான் அவளிடம் சண்டைக்குப் போனேன்.

திரும்பி வந்து டம்ளரை நீட்டினேன்.

"தெருவே பேசுது அத்தை."

"பேசுறவங்க வாயில புண்ணு இல்ல, பேசிக்கினு கெடக்கட்டும். நீங்க உங்க வாயப் பாருங்க மாப்ள."

வாங்கிக் கொப்பளித்தார். ஆறிய கஞ்சி ஒரு வாய் இறங்கியது, இன்னொன்று இறங்கியது. சோடாவா, கஞ்சியா, கோபமா, எது கேட்டது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வாசலைத் தாண்டினார்.